நம்மூர் வண்டி, சீமை வண்டி

பிப்ரவரி 4, திங்கள்

ரைஸ் மில்காரர்கள் கொடுத்த டைரி ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றைக்கு அதற்கு ஒரு வேலை வந்துவிட்டது.

துளசியின் அண்ணன் மகன் தனசேகர் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். பனியன் கம்பெனி நன்றாக ஓடுகிறது போலும், புதுக் கார் வாங்கிவிட்டானாம். பழையதை, அதாவது ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த அந்தச் சீமைக் காரை, எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "இனி அத்தைய இதுல கூட்டிட்டுப் போங்க மாமா. வாரம் ரெண்டு தடவ அந்தத் தகர டப்பாவுல வெச்சுக் குலுக்கிட்டுப் போறீங்க, பாக்கறதுக்கே பாவமா இருக்குது" என்றான்.

தகர டப்பா! பாதிக் காங்கேயம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட வண்டி அது. சென்னியப்பன் டிரைவிங் ஸ்கூல் என்று கதவில் எழுதிய பெயிண்ட் இன்னும் லேசாகத் தெரிகிறது. பள்ளியை மூடி மூன்று வருஷமாகியும், வாத்தியார் உட்காரும் இடது பக்கத்தில் இருக்கிற இன்னொரு கிளட்ச்சும் இன்னொரு பிரேக்கும்கூட அப்படியே இருக்கின்றன. இந்த நாட்டில் செய்து, இந்த ரோட்டில் ஓடி, நடுவழியில் ஒருநாளும் என்னை நிறுத்தாத வண்டி. நேற்று மீசை முளைத்தவன் அதைத் தகர டப்பா என்கிறான்.

"சரிடா, ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாக்கறேன். நல்லதும் கெட்டதும் தேதி போட்டு எழுதி வெக்கறேன். எது நம்பற மாதிரி வண்டின்னு அப்பறம் பேசிக்கலாம்" என்றேன். சிரித்துக்கொண்டே சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

துளசி வாசலுக்கு வந்தாள். கப்பல் வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, காலடியில் குனிந்து பார்த்துவிட்டு இறங்கிவிட்டாள்.

பிப்ரவரி 5, செவ்வாய்

செவ்வாயும் வெள்ளியும் துளசிக்கு டயாலிசிஸ். கிட்னி இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. திருப்பூர் போய் நாலு மணி நேரம் மிஷினில் படுத்தால்தான் அடுத்த மூன்று நாளைக்கு மூச்சு. ஒரு தடவை விட்டால் கால் வீங்கும், இரண்டு தடவை விட்டால் நெஞ்சில் நீர் கோக்கும். அவளை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. வேறு வேலை எனக்கு இல்லை. பிள்ளை குட்டியும் இல்லை.

இன்று சீமை வண்டி. கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. இடது காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. சத்தமும் இல்லை. ஓடுகிறதா நிற்கிறதா என்று இறங்கித்தான் பார்க்க வேண்டும் போல.

துளசிக்கு இந்த வண்டி பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஏறியதிலிருந்து ஓயாத பேச்சு. "ஏனுங்க, மொபெட்டுக்காரர் வளைக்கறாருங்க." "ஏனுங்க, வலப்பக்கம் லாரி வருதுங்க." "ஸ்பீட் பிரேக்கருங்க."

"நானென்ன எல் போர்டா அம்மிணி?" என்றேன்.

"இல்லீங்க, பேசாம வந்தா தூக்கந் தூக்கமா வருது."

படியூர் தாண்டி ஒரு டவுன் பஸ் எங்கிருந்தோ முளைத்தது. பிரேக்கை மிதித்தேன். நின்றது, ஆனால் பஸ்ஸின் பின்பக்கத்தை முத்தம் கொடுக்கிற தூரத்தில். துளசி கண்ணை மூடிக்கொண்டு சென்னிமலை முருகனைக் கூப்பிட்டாள்.

குறித்துக்கொள்க: சீமை வண்டிக்குப் பிரேக் மந்தம்.

பிப்ரவரி 8, வெள்ளி

நம்ம வண்டி. ஆஹா! இதுவல்லவா வண்டி.

ஒரு சங்கடம் இல்லாமல் போனோம், வந்தோம். பிரேக் என்றால் இதுதான் பிரேக். கால் வைப்பதற்குள் பிடித்துக்கொள்கிறது. நல்லூர் சிக்னலில் நான் நினைத்தவுடன் நின்றது. இரண்டு மூன்று இடத்தில் நான் நினைப்பதற்கு முன்பே நின்றது. வருஷக்கணக்கில் ஒரே ஆள் கையில் இருந்தால் வண்டிக்கும் மனசு வந்துவிடும் என்று நான் மாணவர்களிடம் சொல்வேன், சிரிப்பார்கள்.

துளசியும் இந்த வண்டியில் அடக்கமாக வருகிறாள். வாயே திறப்பதில்லை. கண்ணை ரோட்டிலிருந்து எடுப்பதில்லை. திரும்பி வரும்போது டயாலிசிஸ் முடிந்த களைப்பில் முகம் வெளிறிக் கிடக்கிறது, அப்போதும் தூங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தே வருகிறாள்.

"சாஞ்சு படு அம்மிணி."

"வேண்டாங்க. வீடு போய்ப் படுத்துக்கறேன்."

பிப்ரவரி 11, திங்கள்

உப்பில்லாத சாம்பார் வைக்க நானே கற்றுக்கொண்டுவிட்டேன். துளசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் செய்வாள், நான் கிண்டுவேன். பள்ளி நடந்தபோது பெண்களுக்கெல்லாம் அவள்தான் வண்டி கற்றுக்கொடுத்தாள். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்திலேயே ஒரு பொம்பளை வாத்தியார் அவள்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடது சீட்டில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருக்கிறவள் அலறினாலும் இவள் அசையமாட்டாள். அந்தக் குரல் அடுப்படியில் இன்னும் இருக்கிறது. "தீயக் கம்மி பண்ணுங்க. இன்னும் கொஞ்சம். ம்ம், விடுங்க."

அவள் இடது கையை இன்று பிடித்துப் பார்த்தேன். டயாலிசிஸுக்காக இரண்டு ரத்தக்குழாயை ஒன்றாக இணைத்துத் தைத்திருக்கிற கை. தொட்டால் உள்ளே கிர்ரென்று ஓடுகிறது. வலது கையில் முதலில் தைத்தது நிற்கவில்லை. இந்தக் கைதான் கதி, இதில் அடி படக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

என் கண்ணுக்குப் போடுகிற சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும். அந்தக் கண் டாக்டர் அடுத்த தடவை வீட்டு ஆளைக் கூட்டிவரச் சொன்னார். வேலை இல்லாதவர்கள். நான் பேப்பரில் வரி விளம்பரம் வரை கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன்.

பிப்ரவரி 19, செவ்வாய்

சீமை வண்டியைக் கேட்டுக்குள் கொண்டுவரும்போது வலது பக்கம் தூணில் உரசிவிட்டது. முழ நீளத்துக்குக் கோடு. அகலமான வண்டி, இந்த ஊர் கேட்டுக்கு லாயக்கில்லை. ஜப்பான்காரனுக்குக் காங்கேயத்தின் கேட்டு எவ்வளவு அகலம் என்று எப்படித் தெரியும்?

மெக்கானிக் மயில்சாமியிடம் கொண்டுபோய் பிரேக்கையும் பார்க்கச் சொன்னேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "பிரேக்கெல்லாம் கல்லாட்டம் நிக்குதுங்க மாஸ்டர்" என்றான்.

"உனக்கு நிக்கும். எனக்கு நிக்கல."

அவன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். பிறகு வெயில் அதிகமாக இருக்கிறது என்றான்.

பிப்ரவரி 22, வெள்ளி

நம்ம வண்டி. ஒரு குறையும் இல்லை.

பிப்ரவரி 26, செவ்வாய்

சீமை வண்டியை எடுக்கப் போனேன். துளசி பழைய வண்டியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். "இதுலயே போலாங்க."

"மாத்தி மாத்தி ஓட்டறேன்னு உன் மருமவங்கிட்டச் சொல்லியிருக்கறேன்."

"அவங்கிட்ட நான் சொல்லிக்கறேன். எனக்கு அந்த வண்டி ஏசி ஒத்துக்கல."

ஏசியை நிறுத்தலாம் என்றேன். வாசம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். ஆக, போட்டி முடிந்த மாதிரிதான். தனசேகருக்கு போன் பண்ணி, "உங்கத்தையே தீர்ப்பு சொல்லிட்டாப்பா, நம்மூர் வண்டிதான்" என்றேன்.

அவன் வேறு எதையோ யோசித்தவன் போல, "மாமா, ஒரு டிரைவர் போட்டுத் தரட்டுங்களா? நல்ல ஆளு இருக்கறாரு" என்றான்.

எனக்கு வந்ததே கோபம். டிரைவிங் மாஸ்டர் பெண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் கூலிக்கு டிரைவர் வைத்தான் என்று ஊர் கைகொட்டிச் சிரிக்க வேண்டுமா? கை காலோடு நான் இருக்கும்வரை அவளை நான்தான் ஓட்டிப் போவேன். அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் என்னத்துக்கு? போனைத் துளசியிடம் கொடுத்துவிட்டேன். அவள் புழக்கடைக்குப் போய் நெடுநேரம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேச்சு என்று கேட்டதற்கு, அவன் மகளுக்குப் பரீட்சையாம் என்றாள்.

மார்ச் 1, வெள்ளி

துளசியின் கால் வீங்கியிருக்கிறது. செருப்பு ஏறவில்லை. வெறுங்காலோடு வண்டியில் ஏறினாள். பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வா என்றால் கேட்கிற ஜென்மமா? "முன்னாலயே இருக்கறனுங்க" என்று ஒரே பிடிவாதம்.

மார்ச் 5, செவ்வாய்

நல்லூர் சிக்னலில் நின்றோம். இடது பக்கம் ஒரு ஆட்டோ வந்து ஒட்டி நின்றது. ஓட்டி வந்தவள் கோகிலா, துளசியிடம் வண்டி கற்றுக்கொண்ட பெண். "அக்கா!" என்று சந்தோஷமாகக் கூப்பிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியவள், குனிந்து துளசியின் காலைப் பார்த்தாள். உடனே வாய் நிறையச் சிரிப்பு. "என்னக்கா, இன்னிக்கு மாஸ்டருக்கே கிளாஸ் எடுக்கறீங்களா?"

துளசி சட்டென்று சேலையை இழுத்துக் காலை மூடினாள். "அடப் போ புள்ள, கால் நீட்டக்கூட எடமில்ல" என்றாள்.

நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? பின்னால் ஹாரன் அடித்தார்கள். சிக்னல் விழுந்ததை நான் பார்க்கவில்லை, துளசிதான் சொன்னாள்.

 சாப்பிடும்போது மோர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மார்ச் 6, புதன்

காலையில் எழுந்ததும் வண்டியை மயில்சாமியிடம் விட்டேன். இடது பக்கப் பெடல் இரண்டையும் கழற்றச் சொன்னேன். பாவம், வீங்கிய காலை வைத்துக்கொண்டு அந்த இரும்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து வருகிறாள். பள்ளியே போன பிறகு அது எதற்கு? முன்பே செய்திருக்க வேண்டும்.

மயில்சாமி ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "அக்காகிட்டக் கேட்டீங்களா மாஸ்டர்?"

"அவளுக்காகத்தான்டா பண்றேன்."

"இருந்துட்டுப் போவட்டுமே. கெடக்கறதால என்ன நட்டம்?"

"நீ கழட்டறியா, நான் வேற பட்டறைக்குப் போகட்டுமா?"

கழற்றினான். அந்த இடத்தில் பஞ்சு வைத்த மெத்தென்ற மேட் ஒன்று வாங்கிப் போட்டேன். பூப்போட்டது. துளசிக்குப் பிடித்த ஊதா நிறம்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து காட்டினேன். "பாரு, மகாராணியாட்டம் கால நீட்டிக்கலாம்."

அவள் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் சுண்டிவிட்டது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன் என்று எழுதத்தான் வந்தேன். சரி, அப்படியே இருக்கட்டும்.

"நல்லாருக்குதுங்க" என்றாள். கதவை அவளே சாத்தினாள். சற்று நேரம் கழித்து, "இந்த வெள்ளிக்கெழமை மட்டும் தனசேகரை வரச் சொல்லட்டுங்களா?" என்றாள்.

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"



மார்ச் 8, வெள்ளி

எழுத முடியவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

திருப்பூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். துளசி தூங்குகிறாள். எழுதித் தீர்த்துவிட்டால் தேவலாம்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது ஒரு குறையும் இல்லை. வெயில் பளிச்சென்று இருந்தது. துளசி சீமை வண்டியில் வந்த மாதிரியே பேச ஆரம்பித்தாள். மொபெட்டு, பஸ், ஸ்பீட் பிரேக்கர். எனக்கு எரிச்சல். "வாய மூடிட்டு வா. எனக்குத் தெரியாதா?" என்று ஒரு சத்தம் போட்டேன். அவள் மூடிக்கொண்டாள்.

படியூருக்கு முன்னால் இடது பக்கக் கிளைச்சாலையிலிருந்து தேங்காய் மட்டை ஏற்றிய டிராக்டர் ரோட்டில் ஏறியிருக்கிறது. எவ்வளவு பெரியது! வீடு மாதிரி மட்டை. நான் நேராகப் பார்த்துக்கொண்டுதான் போனேன். ரோடு காலியாக இருந்தது. சத்தியமாகக் காலியாக இருந்தது.

முதலில் எனக்குக் கேட்டது ஒரு சத்தம். தடதடவென்று காலால் தகரத்தை உதைக்கிற சத்தம். என் பக்கத்திலிருந்து வந்தது. துளசி அந்தப் பூப்போட்ட மேட்டை மிதிக்கிறாள். இல்லாத பிரேக்கை மிதிக்கிறாள். அப்படி மிதித்துக்கொண்டே "ஏனுங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் டிராக்டரைப் பார்த்தேன்.

டிரெய்லரின் மூலை இடது கதவில் இறங்கிவிட்டது. எனக்கு ஒரு கீறல் இல்லை.

டிராக்டர்காரன் குதித்து ஓடி வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்ததும், "அய்யய்யோ, மாஸ்டருங்களா!" என்று கையெடுத்துக் கும்பிட்டான். கூட்டம் கூடியது. யாரோ போலீஸ் என்றார்கள். அவன் விடவில்லை. "எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தவருங்க. அவர் மேல தப்பே இருக்காது. பிரேக் போயிருக்கும்" என்று எல்லாரிடமும் சொன்னான். ஆமாம், பிரேக் போயிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அவன் என்னை அடித்திருக்கலாம்.

துளசியின் இடது கை, அந்தக் கை, கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருந்தது.

மார்ச் 12, செவ்வாய்

கையைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே ஓடவில்லை. கட்டை மாதிரி இருக்கிறது.

டாக்டரம்மா சின்னப் பெண். ஆனாலும் நிதானமாக உட்கார்ந்து சொன்னார். அந்தக் குழாய் அடைத்துவிட்டதாம். திறந்து பார்த்தும் பிரயோஜனமில்லை. வலது கை ஏற்கெனவே போனது. இதயம் இருக்கிற இருப்பில் இன்னொரு இடத்தில் தைப்பதற்குத் தாங்காது. ஆகவே கழுத்தில் ஒரு குழாய் வைத்து டயாலிசிஸ் செய்வார்கள். "அது தற்காலிகந்தாங்க அய்யா. சளி புடிச்சாலும் காய்ச்சல் வந்தாலும் உடனே கூட்டிட்டு வந்துருங்க."

தற்காலிகம் என்றால் அப்புறம் என்ன என்று கேட்டேன். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார்.

மார்ச் 15, வெள்ளி

மயில்சாமி நொறுங்கின வண்டியை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஆரஞ்சு வாங்கி வந்திருந்தான், துளசிக்கு ஆகாது என்று தெரியாமல். வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பிரேக் நல்லாத்தானுங்க இருக்குது" என்று மெதுவாகச் சொன்னான். பிறகு அவனே, "பிரேக் போயிருச்சுன்னே சொல்லிக்கலாங்க மாஸ்டர். யாருக்குத் தெரியப் போகுது?" என்றான்.

நான் துளசியின் கட்டிலைப் பார்த்தேன். அவள் விழித்துக்கொண்டிருந்தாள்.

அவன் போன பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று இருந்தேன். வந்தது, "எத்தன நாளா மிதிச்சுட்டு வந்தே?" என்பதுதான்.

"தீவாளிக்கு முந்தியிருந்துங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஓட்டறத நிறுத்திப் போடுவீங்க. அப்பறம் நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள். கழுத்தில் குழாய் இருந்ததால் தலையைத் திருப்ப முடியவில்லை, விட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உங்களுக்கும் தெரியும்னு எனக்குத் தெரியுமுங்க. காலுக்கடியில பெடல் தானா எறங்குனா வாத்தியாருக்குத் தெரியாதுங்களா?"

தெரியும். கோகிலா சிரித்த அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொன்னால் அதுவும் பொய். முன்பே தெரியும். என் மனைவி என்னைக் கத்துக்குட்டி மாதிரி ஓட்டிப் போகிறாள் என்று உலகத்துக்குத் தெரியக்கூடாது என்றுதான் கழற்றினேன். அவள் காலுக்காக இல்லை. ஊதா மேட்டும் அவளுக்காக இல்லை.

மார்ச் 20, புதன்

தனசேகர் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். ஒரு பெட்டிக்குள் தலையை விட்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன், நன்றாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். பிறகு படத்தைக் காட்டினார்கள். நடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெள்ளை, சுற்றிலும் கறுப்பு. நேரே இருப்பது மட்டும் தெரியும், பக்கவாட்டில் வருவது தெரியாதாம். கண் நரம்பு செத்தால் செத்ததுதான், திரும்பாது என்றார் டாக்டர். போன வருஷமே உங்களிடம் சொன்னேனே அய்யா, வண்டி ஓட்டக்கூடாது என்று சொன்னேனே என்றார்.

தனசேகர் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். காரில் ஏறினதும் ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். "அத்த எங்கிட்டச் சொன்னாங்க மாமா. டிரைவர் வேண்டாம், நான் பாத்துக்கறேன்னு சொன்னாங்க. நான் கேட்டுட்டுச் சும்மா இருந்துட்டேன்" என்றான். அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

மார்ச் 26, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். சீமை வண்டியில் இப்போது வேலுச்சாமி என்ற டிரைவர் வருகிறார். நல்ல மனுஷர், மெதுவாகப் போகிறார், பேச்சு இல்லை. துளசி பின்சீட்டில் என் மடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வருகிறாள். இத்தனை மாதத்தில் போகவர அவள் தூங்கி இன்றுதான் பார்க்கிறேன்.

முன்பே இப்படி வந்திருக்கலாம். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 2, செவ்வாய்

காய்ச்சல். மிஷினில் போட்டவுடன் பல் கிட்டும்படி குளிர் நடுக்கம். கழுத்துக் குழாயில் சீழ் பிடித்திருக்கிறதாம். அதை எடுத்துவிட்டு இன்னொரு பக்கம் வைத்தார்கள்.

ஏப்ரல் 5, வெள்ளி

அந்தப் பக்கமும் சரியாக ஓடவில்லை. பாதியில் நிறுத்தினார்கள். இடுப்புக்குக் கீழே தொடையில் வைக்கலாம், ஒரு மாதம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம் என்கிறார் டாக்டரம்மா.

ஏப்ரல் 9, செவ்வாய்

தொடையில் வைத்தார்கள். துளசி கத்தினாள். எவ்வளவோ வருஷம் அவளோடு இருந்திருக்கிறேன், அவள் கத்தி நான் கேட்டதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

தனசேகர் போன் செய்தான். பழைய வண்டியைப் பட்டறையில் வைத்துக்கொள்ள இடமில்லையாம், இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிடலாமா என்று மயில்சாமி கேட்கிறானாம். போட்டுவிடு என்றேன். பேச்சை மாற்றுவதற்காகத்தான் என்று நினைக்கிறேன், "கடைசீல எது நல்ல வண்டின்னு எழுதுனீங்க மாமா?" என்று கேட்டான்.

"ரெண்டுமே நல்ல வண்டிதாம்ப்பா. வண்டியில ஒண்ணுமில்ல" என்றேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

வேலுச்சாமி வழக்கம்போல வந்து வாசலில் நின்றார். நான் துளசியின் பை, போர்வை, பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு அவளைத் தூக்கப் போனேன். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, பொட்டு வைத்திருந்தாள்.

"நேரமாச்சு அம்மிணி."

"இன்னிக்கு யாரு ஓட்டறா?"

"வேலுச்சாமி வந்துட்டார்."

"நீங்க ஓட்டறதா இருந்தா வர்றனுங்க" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். முகத்தில் லேசாகச் சிரிப்பும் இருந்தது. "என்ன பேச்சு இது, எந்திரி" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"நீங்க ஓட்டறதா இருந்தா மட்டுந்தானுங்க. வேற யாரு ஓட்டுனாலும் வரல."

"என்னால முடியாதுன்னு உனக்குத் தெரியுமல்லோ."

"தெரியும்."

புரிந்துவிட்டது. வேண்டாம் என்றேன். கெஞ்சினேன். காலைப் பிடித்தேன். டாக்டரம்மாவுக்கு போன் போடுகிறேன் என்றேன், தனசேகரை வரச் சொல்கிறேன் என்றேன், நீ போனால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்றேன். அறுபத்தொன்பது வயசு ஆள் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கையை எடுக்கவே இல்லை. வாசலில் வேலுச்சாமி ஒரு தடவை ஹாரன் அடித்தார், பிறகு அடிக்கவில்லை.

வெகுநேரம் கழித்து எழுந்து போய், இன்றைக்கு வரவில்லை, நீங்கள் போங்கள் என்று அவரிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வரட்டுமா என்று கேட்டார்.  கையை மட்டும் ஆட்டினேன். வண்டி சத்தமில்லாமல் போய்விட்டது.

உள்ளே வந்தால் துளசி, "இளநி குடிக்கணுமாட்ட இருக்குதுங்க" என்றாள். கிட்னி போனவர்களுக்கு இளநீர் விஷம். ஒன்றரை வருஷமாக நாங்கள் இளநீர்க் கடைப் பக்கமே திரும்பியதில்லை. நான் தயங்கினதைப் பார்த்து, "போய் வாங்கிட்டு வாங்க. ரோட்டோரமாவே போங்க, பாத்து" என்றாள்.

சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்து போய் வாங்கி வந்தேன். பெரிய சொம்பில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல், வழிந்து சேலை நனைய நனையக் குடித்தாள். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னும் இருக்குதுங்களா?"

இருந்தது. ஊற்றினேன்.